கோவளம், மாமல்லபுரம் கடற்கரைப் பயணம்: தாம்பரம் வழியாகச் செல்வோருக்கான குறிப்புகள்

சென்னையின் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்துள்ள கோவளம், மாமல்லபுரம் ஆகிய இரண்டும் தமிழ்நாட்டில் சுற்றுலாப் பயணிகள் மிகுதியாக வரும் கடற்கரை ஊர்கள். இரண்டும் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தவை. நகருக்குள் நுழையாமலேயே இவற்றை அடைய உதவும் வாயில் தாம்பரம். தென் மாவட்டங்களிலிருந்து தொடர்வண்டியில் வருவோர், மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்குவோர், தென்சென்னைப் புறநகர்களில் தங்கிப் படிக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு இவ்வழியே எளிது.

பெயர்க் குழப்பம் ஒன்றை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். கேரளத்தில் திருவனந்தபுரத்துக்கு அருகிலும் கோவளம் உண்டு. கன்னியாகுமரிக்கு அருகிலும் ஒரு கோவளம் உண்டு. இணையத்தில் அறை பதிவு செய்யும்போது மாவட்டத்தின் பெயரைச் சரிபார்க்காமல் பணம் கட்டக் கூடாது. சென்னைக் கோவளம் ஆங்கிலேயர் ஆவணங்களில் 'கவ்லாங்' என்று வழங்கியது. ஆர்க்காட்டு நவாபின் துறைமுகமாக இருந்த இவ்வூரின் கோட்டையை 1752இல் இராபர்ட் கிளைவ் கைப்பற்றினார். இன்று அங்கே மீனவர் குடியிருப்பும், தமீம் அன்சாரி தர்காவும், கார்மேல் அன்னை தேவாலயமும், விடுதிகளும் அடுத்தடுத்து உள்ளன.

சென்று சேர்தல்

சென்னைக் கடற்கரை – தாம்பரம் மின்தொடர்வண்டித் தடம் 1931 முதல் இயங்குகிறது. விமான நிலையத்தின் எதிரே, ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் திரிசூலம் நிலையம்; அங்கிருந்து தாம்பரம் நான்காவது நிறுத்தம். கடற்கரை ஊர்களுக்குத் தொடர்வண்டி கிடையாது என்பதால் தாம்பரத்திலிருந்து சாலை வழிதான். வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். கேளம்பாக்கத்தில் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்பித் திருப்போரூர் வழியாகச் சென்றால் மாமல்லபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். தாம்பரம் – மாமல்லபுரம் தடத்தில் மாநகரப் பேருந்து 515 நெடுங்காலமாக அறியப்பட்டது.  கோவளம் செல்வோர் கேளம்பாக்கத்தில் இறங்கி வேறு பேருந்தோ பகிர்வு ஆட்டோவோ பிடிக்கலாம்.

வெளியூர் அரசுப் பேருந்துகளில் வருவோர் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தில் இறங்குகின்றனர். அவர்கள் வடக்கே தாம்பரம் வரை போய்த் திரும்புவது வீண். வண்டலூர் – கேளம்பாக்கம் சாலை கிளாம்பாக்கத்துக்கு மிக அருகிலேயே பிரிகிறது. சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்துகளில் 2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. சொகுசுப் பேருந்துகளில் இச்சலுகை கிடையாது; ஏறுமுன் கேட்டுக்கொள்வது நல்லது. திரும்புவதற்கான கடைசிப் பேருந்து எப்போது என்பதை இறங்கும்போதே நடத்துநரிடம் கேட்டுவைத்தால், இரவில் வாடகை வண்டிக்காரர் சொல்வதே விலை என்ற நிலை வராது.

காலமும் கிழமையும்

டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வெயில் தாழ்வு. மே மாதக் கத்திரி வெயிலில் மாமல்லபுரத்துக் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நிற்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். மாண்டஸ் புயல் 2022 டிசம்பர் 9 இரவு மாமல்லபுரத்தை ஒட்டியே கரையைக் கடந்தது. எனவே அம்மாதங்களில் அறைக்கான பணத்தைத் திரும்பப் பெறும் விதிகளைப் படித்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும்.

கிழமையும் கவனிக்கத்தக்கது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கும் முட்டுக்காட்டிலுள்ள தட்சிணசித்திராவுக்கும் செவ்வாய் விடுமுறை; வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கள் விடுமுறை. புதன் முதல் வெள்ளி வரையிலான நாட்களில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் குறைவு. காணும் பொங்கலன்றும் ஆங்கிலப் புத்தாண்டின் முந்தைய இரவிலும் காவல்துறை கடலில் இறங்கத் தடை விதிப்பது வழக்கம். குழந்தைகளுடன் அந்நாட்களில் வருவதைத் தவிர்ப்பதே மேல்.

கடல்

இப்பயணத்தில் உயிரோடு தொடர்புடைய பகுதி இதுவே. தாய்லாந்தின் பட்டாயா போன்ற இடங்களில் இடுப்பளவு நீரில் மணிக்கணக்கில் நின்று பழகியவர்கள், கடற்கரை என்றால் எங்கும் அப்படித்தான் என்று எண்ணிக் கோவளத்திலும் இறங்கிவிடுகின்றனர். இரண்டும் ஒன்றல்ல. பட்டாயா, மூன்று பக்கமும் நிலம் சூழ்ந்த தாய்லாந்து வளைகுடாவுக்குள் அமைந்தது. பெருங்கடலின் நீண்ட அலைகள் அங்கு நேராக வந்து மோதுவதில்லை. சென்னைக் கரையோ வங்கக் கடலுக்கு நேர்முகமாகத் திறந்து கிடக்கிறது. தொலைவில் எழும் அலை தடையின்றி வந்து, கரைக்கு அருகிலேயே சட்டென உயர்ந்து விழுகிறது. தாய்லாந்திலேயேகூட, அந்தமான் கடலைப் பார்த்த புக்கெட்டின் மேற்குக் கரையில் மே முதல் அக்டோபர் வரை சிவப்புக் கொடி பறப்பதைக் காணலாம். கடற்கரையின் இயல்பு அது எந்தக் கடலைப் பார்த்து நிற்கிறது என்பதைப் பொறுத்தது, நாட்டைப் பொறுத்ததன்று.

'கடல் இழுத்துக்கொண்டது' என்று ஊரார் சொல்வதற்குப் பின்னால் ஓர் எளிய இயக்கம் இருக்கிறது. அலைகள் கரைமேல் கொண்டுவந்து கொட்டும் நீர் மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். நீருக்கடியிலுள்ள மணல்திட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அங்கே அந்நீர் ஒன்றுகூடி, ஒடுங்கிய ஓடைபோலக் கடலை நோக்கிப் பாய்கிறது. நன்கு நீந்தத் தெரிந்தவரும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாத அளவுக்கு அதன் வேகம் கூடலாம். இதில் கொடுமை என்னவென்றால், அந்த இடத்தில்தான் அலை உடைவது குறைவு. இருபுறமும் நுரை பொங்க, நடுவே அமைதியாகத் தெரியும் பட்டையைப் பார்த்துப் 'பாதுகாப்பான இடம்' என்று குடும்பத்தோடு இறங்குவோர் உண்டு. சற்றுக் கலங்கிய நிறம், கடலை நோக்கி நகரும் நுரை அல்லது குப்பை ஆகியவை அதன் அடையாளங்கள். கரையைக் காக்கக் கொட்டப்பட்ட கற்குவியல்களின் ஓரத்திலும், முகத்துவாரங்களிலும் இவ்விழுப்பு கடுமையாக இருக்கும். மணலின் அமைப்பு பருவத்துக்குப் பருவம் மாறுவதால், சென்ற ஆண்டு குளித்த இடம் இந்த ஆண்டும் அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது.

இழுப்பில் அகப்பட்டவர் கரையை நோக்கிப் போராடினால் களைத்துவிடுவார். அந்த ஓட்டம் ஆளை நீருக்கடியில் அமிழ்த்துவதில்லை, கடலை நோக்கித் தள்ளிச் செல்கிறது. எனவே மல்லாந்து மிதந்து, கையை உயர்த்தி உதவி கேட்டு, முடிந்தால் கரைக்கு இணையாக வடக்கிலோ தெற்கிலோ நீந்தி ஓட்டத்தைவிட்டு விலகிய பின் கரை திரும்ப வேண்டும்.

ஒருவரை இழந்த செய்திகளைவிட இருவர், மூவரை ஒன்றாக இழந்த செய்திகளே இக்கரையில் மனத்தை வருத்துபவை. முதலில் மாட்டிக்கொண்ட நண்பனைக் காப்பாற்ற அடுத்தவர் குதிப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். எலியட்ஸ் கடற்கரையில் நிற்கும் வெண்ணிற நினைவுச்சின்னம், 1930 டிசம்பர் 30 அன்று கடலில் தத்தளித்தவரைக் காக்கச் சென்று உயிர்நீத்த டென்மார்க் மாலுமி கார்ல் ஷ்மிட்டினுடையது. அவர் மாலுமி. நீச்சல் அறியாத கல்லூரி மாணவர் குதிப்பதால் எண்ணிக்கைதான் கூடும். மிதக்கும் எதையாவது எறிவதே சரியான உதவி: மூடிய காலித் தண்ணீர்க் கேன், வண்டி டியூப், கயிறு. எதுவும் இல்லையெனில் நனைந்த சேலையோ வேட்டியோ கூட நீட்டலாம். உடனே அருகிலுள்ள மீனவர்களைக் கூவி அழைக்க வேண்டும். இக்கரையில் கடலை அவர்களைப்போல அறிந்தவர் வேறு எவருமில்லை.

கரை சேர்த்தவரின் வயிற்றை அழுத்துவதாலும், தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதாலும் பயனில்லை, நேரமே வீணாகும். மூச்சு நின்றிருந்தால் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் மருத்துவமனை செல்வது கட்டாயம். ஆம்புலன்ஸ் 108, பொது அவசர உதவி 112, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554 ஆகிய எண்களைப் புறப்படும்போதே கைப்பேசியில் சேமித்துவைக்கலாம்.

குளித்தே ஆக வேண்டும் என்போருக்குக் கோவளத்தின் நீலக்கொடிப் பகுதி உண்டு. டென்மார்க்கைத் தலைமையிடமாகக் கொண்ட சுற்றுச்சூழல் கல்வி அமைப்பு வழங்கும் நீலக்கொடிச் சான்றிதழை இக்கடற்கரை 2021இல் பெற்றது. தூய்மை, நீரின் தரம், உயிர்காப்பாளர், முதலுதவி ஆகியவை அச்சான்றிதழின் அளவுகோல்கள். அலையின் சீற்றம் அவற்றில் சேராது. ஆகவே அங்கும் குறிக்கப்பட்ட எல்லைக்குள், உயிர்காப்பாளர் இருக்கும் வேளையில் மட்டுமே இறங்கலாம். மது அருந்தியவர் எங்கும் இறங்கக் கூடாது. கடற்கரையில் அமர்ந்து மது அருந்துவதே காவல் நடவடிக்கைக்கு உரியது.

அலையோடு விளையாட விரும்புவோருக்கு இன்னொரு நல்ல வழி அலைச்சறுக்கு. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தொடங்கிய பயிற்சிப் பள்ளிக்குப் பின் இவ்விளையாட்டு இவ்வட்டாரத்தில் பரவியது. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் பன்னாட்டு அலைச்சறுக்குப் போட்டி நடந்தது. பயிற்றுநரும் மிதக்கும் பலகையும் உடன் இருப்பதால், தனியாகக் குளிப்பதைவிட இது பாதுகாப்பானது. மேலும், அன்றைக்குக் கடல் சரியில்லை என்றால் பயிற்றுநரே வகுப்பை நிறுத்திவிடுவார்.

கடல் திடீரென உள்வாங்கிப் பாறைகள் வெளியே தெரிந்தால் வேடிக்கை பார்க்காமல் மேடான இடத்துக்கு ஓட வேண்டும் என்பதை 2004 டிசம்பர் 26க்குப் பின் இங்குள்ள குழந்தைகளும் அறிவார்கள். வெளியூரார் அறிந்திருப்பதில்லை.

மாமல்லபுரத்தில்

1984இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்ட இவ்வூரில், ஏழாம், எட்டாம் நூற்றாண்டுப் பல்லவர் கலை திறந்த வெளியில் விரிந்துள்ளது. கடற்கரைக் கோயிலும் ஐந்து இரதங்களும் காலை 6 மணிக்கே திறக்கப்படுகின்றன. அந்த நேரமே சிறந்தது. கட்டணம் இந்தியருக்கு 40 ரூபாய், அயல்நாட்டவருக்கு 600 ரூபாய். ஒரே சீட்டு இரண்டு இடங்களுக்கும் அன்று செல்லும் என்பதால் அதைத் தொலைக்கக் கூடாது. சார்க், பிம்ஸ்டெக் நாட்டினர் இந்தியருக்கான கட்டணமே செலுத்தலாம். இலங்கையிலிருந்து வரும் உறவினர்கள் பலர் இதை அறியாமல் 600 ரூபாய் கொடுத்துவிடுகின்றனர்; கடவுச்சீட்டைக் கையில் வைத்திருந்தால் போதும். தாய்லாந்தும் பிம்ஸ்டெக்கில் உறுப்பு நாடு.

அர்ச்சுனன் தபசு சாலையோரத்திலேயே உள்ளது. காலை ஒளியில் அச்சிற்பத் தொகுதி தெளிவாகத் தெரியும். மகிடாசுரமர்த்தினி குகையும் கலங்கரை விளக்கமும் நடக்கும் தொலைவு. பாறைமேல் ஏறிச் சறுக்கி விழுவோர் உண்டு. செருப்பு நல்லதாக இருக்க வேண்டும். இவ்வூர்க் கற்சிற்பம் புவிசார் குறியீடு பெற்றது. சிறு சிலை வாங்குவோர் விமானத்தில் எடை கட்டுப்பாடு இருப்பதை நினைவில் கொள்ளலாம்.

உணவும் விலையும்

கடற்கரைக் கடைகளில் வஞ்சிரம், சங்கரா, இறால் ஆகியவற்றைக் காட்டி, எடுத்ததை எடை போட்டு வறுத்துத் தருவர். விலை கிலோவுக்கா, துண்டுக்கா என்பதை எண்ணெயில் போடும் முன்பே கேட்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம்; அப்போது பெரிய மீனின் விலை ஏறும், பனிக்கட்டியில் கிடந்த மீனும் கடைக்கு வரும். குதிரைச் சவாரிக்கும் படகுக்கும் இதே விதி: முதலில் விலை, பிறகு ஏறுவது.

கரையில் உலரும் வலைகளை மிதிக்கக் கூடாது. அறுந்த வலையைச் சீர்செய்ய ஒரு நாள் கூலி போய்விடும். குப்பத்து மக்களைக் கேட்காமல் படமெடுப்பதும் தவறு. சனவரி முதல் மார்ச் வரை இரவில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். அப்போது ஒளி பாய்ச்சாமலும் கூச்சலிடாமலும் விலகி நிற்க வேண்டும்.

திரும்பும் வழி

வாடகை இருசக்கர வாகனத்தில் வருவோர் இருட்டுமுன் புறப்படுவது நல்லது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் அதிவேகமாக வரும்; குப்பங்களிலிருந்து மக்களும் மாடுகளும் சாலையைக் கடப்பர். பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். குடித்து ஓட்டினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். விபத்து நேர்ந்தால், 2021 டிசம்பரில் தொடங்கிய 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ் முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். பிற மாநிலத்தவருக்கும் பிற நாட்டவருக்கும் இது பொருந்தும். இவ்வழித்தடத்தில் கேளம்பாக்கத்தில் பெரிய தனியார் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும், செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். தாம்பரம் பேருந்தைத் தவறவிட்டவர்கள் அங்கு சென்று மின்தொடர்வண்டி பிடித்தும் தாம்பரம் திரும்பலாம்.