படுத்தால் மறையும் நோய்

காலையில் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு மலையேறும் கொழுந்து பறிக்கும் பெண், மாலையில் மடுவத்தில் கொழுந்தை நிறுத்துக் கொடுக்கும்வரை பெரும்பாலும் நின்றபடியே இருக்கிறாள். ஹட்டன், நுவரெலியா மலைச்சரிவுகளில் முதுகுப் பாரத்தோடு ஏறி இறங்கும் இத்தாய்மாரிற் சிலருக்கு, மாலையாகும்போது அடிவயிறு கீழே இறங்குவது போன்ற உணர்வு ஏற்படும். இருமினால் சிறுநீர் கசியும். 'பிள்ளை பெற்றவளுக்கு இது இயல்புதானே' என்று அதனை லயத்துக்குள்ளேயே மறைத்துவிடுவர்.

இடுப்பெலும்பின் அடியில் ஊஞ்சல் போல் அமைந்த தசைகளும் இணைப்பிழையங்களும் சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் ஆகியவற்றைத் தாங்குகின்றன. பிரசவங்களும் பாரம் தூக்கலும் நாட்பட்ட இருமலும் மலச்சிக்கலும் இத்தளத்தைத் தளர்த்துகின்றன. மாதவிடாய் நின்றபின் தளர்ச்சி கூடும்.

இங்கேதான் சிக்கல். நோவு தெரிவது நிற்கும்போது. வைத்தியர் பரிசோதிப்பதோ கட்டிலில் படுக்கவைத்து. எம்.ஆர்.ஐ. கருவியும் நோயாளியைக் குழாய்க்குள் படுக்கவைத்தே படமெடுக்கிறது. படுத்தவுடன் உறுப்புகள் ஓரளவு மேலேறிவிடுகின்றன. 1977 இல் மனித உடலை முதன்முதலில் காந்த அதிர்வு முறையில் படமெடுத்த அமெரிக்கரான ரேமண்ட் டமேடியனின் நிறுவனமே பின்னர் நின்றபடியும் அமர்ந்தபடியும் படமெடுக்கும் எம்.ஆர்.ஐ. கருவியை உருவாக்கியது. படுத்த நிலையைவிட நின்ற நிலையில் உறுப்பிறக்கம் கூடுதலாகத் தெரிவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கதிர்வீச்சும் இல்லை. எனினும் அதன் காந்தப்புலம் வலுக்குறைந்தது. படமும் அத்துணைத் தெளிவன்று. தளர்ந்த தாயொருத்தி அசையாமல் சில நிமிடங்கள் நிற்பதும் எளிதல்ல. இத்தகைய கருவி உலகிலேயே சில இடங்களில்தான் உண்டு.

அது தோட்டத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இருமச் சொல்லியும், முக்கச் சொல்லியும், தேவையானால் நிற்கவைத்தும் பார்க்கும் வைத்தியர் பெரும்பாலும் கருவியின்றியே நோயை அறிந்துகொள்வார். அதற்கு, 'காலையில் இல்லை, கூடை சுமந்தபின் வருகிறது' என்று தாய் வாய்திறந்து சொல்ல வேண்டும். கூச்சமே இங்கு பெரும் தடை. சிறுநீர் கசிந்து வுழூ முறிகிறதே என்று தொழுகைக்கு முன் தயங்கும் முஸ்லிம் தாய்மாரும் இதே மௌனத்தையே சுமக்கின்றனர்.

1996 முதல் நாட்டில் இயங்கிவரும் சுகவனிதையர் கிளினிக்குகளில் இதனை முதலில் சொல்லலாம், மருத்துவமாதுவிடமும் சொல்லலாம். தொடக்க நிலையில், முறையாகக் கற்றுக்கொண்டு சில மாதங்கள் தொடர்ந்து செய்யும் இடுப்புத் தசைப் பயிற்சி பலருக்குப் பலன் தரும். மேலும் இறங்கியிருந்தால் உட்பொருத்தும் வளையமும், அதுவும் போதாதபோது சத்திரசிகிச்சையும் உண்டு.

ஆனால் கிளினிக் போகும் நாளில் பேர் விழாது, அரைப்பேராவது வெட்டப்படும் என்ற அச்சம் இருக்கும்வரை பெண்கள் வரமாட்டார்கள். கிளினிக் நாளை முழுப்பேராகக் கணக்கிடவும், நோயுள்ளவருக்குப் பாரம் குறைந்த வேலை கொடுக்கவும் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். சம்பளப் பேச்சுக்கு அமரும் தொழிற்சங்கங்கள் இதனையும் கோரிக்கையாக முன்வைக்கலாம்.