எத்தனை முறை எறிகிறான்?

சால்ட் லேக்கில் ஏறக்குறைய ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு திடல் உண்டு. யூகோஸ்லாவியக் கட்டடக் கலைஞர் தோப்ரிவோயே தோஷ்கோவிச் வரைந்த நகரமைப்பின் கொடை அது. மாலை வேளையில் அங்கே கால்பந்தும் கிரிக்கெட்டும் இடத்துக்காகப் போட்டியிடும். எஞ்சிய மூலை ஒன்றில் எங்கள் எட்டு வயது மகன் பேஸ்பால் எறியப் பழகினான். செக்டார் ஐந்தில் பணி கிடைத்துத் தமிழகத்திலிருந்து இங்குக் குடிபெயர்ந்த நாங்கள், அந்த ஆட்டத்தைப் பற்றி ஏதும் அறியாதவர்கள்.

ஆசையைத் தூண்டியது, ஏ. ஆர். ரகுமான் இசையமைத்து 2014-இல் வெளியான 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்னும் திரைப்படம். உத்தரப் பிரதேசத்தின் ரிங்கு சிங், தினேஷ் படேல் ஆகிய இளைஞர்களின் உண்மைக் கதை. பேஸ்பாலே ஆடியிராத அவ்விருவரும் 2008-ஆம் ஆண்டுப் போட்டி ஒன்றில் பந்தெறிந்து தேர்வாகி, அதே ஆண்டில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தம் செய்தனர். வேகமாக எறிந்தால் போதும் என்று எங்கள் மகன் முடிவு கட்டினான், நாங்களும் நம்பினோம். அவர்கள் ஈட்டி எறிதலில் பயின்று முறுக்கேறிய கைகளை உடைய வாலிபர்கள் என்பது எங்கள் கருத்தில் படவில்லை.

ஒருநாள் இரவு சோற்றைப் பிசைய அவன் வலக்கை மடங்க மறுத்தது. மருத்துவர் முழங்கையை அழுத்திப் பார்த்துவிட்டு, "ஒரு நாளைக்கு எத்தனை முறை எறிகிறான்?" என்று மட்டுமே கேட்டார். எங்களிடம் விடை இல்லை. மாதச் செலவைப் பைசா பிசகாமல் எழுதி வைக்கும் குடும்பம் எங்களுடையது!

சிறுவர்களின் எலும்பு முனைகளில் வளர்ச்சிக்குரிய குருத்தெலும்பு இன்னும் இறுகாமல் இருக்கும். வேகமாக எறியுந்தோறும் முழங்கையின் உட்புறத் தசைநாண் அவ்விடத்தைப் பிடித்து இழுக்கிறது. ஓய்வின்றி இழுபட்டால் அது புண்படும். அமெரிக்காவில் எறிவோரின் வயதுக்கேற்ப வரம்பு வகுத்திருக்கிறார்கள். ஏழெட்டு வயதினர் ஆட்டத்தில் ஒரு நாளைக்கு 50 எறிகளுக்கு மேல் எறியலாகாது. 20 வரை எறிந்தால் மறுநாளும் எறியலாம். 21 முதல் 35 வரை எனில் ஒரு நாள் ஓய்வு. அதற்கு மேல் எனில் இரண்டு நாள். பந்தை வளைத்து எறியும் வித்தைகளும் இந்த வயதில் கூடா. நாங்கள் பயிற்சி எறிகளையும் இந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டோம். கூடுதல் எச்சரிக்கைதான், இருந்துவிட்டுப் போகட்டும்.

நான்கு வாரம் கழித்து மீண்டும் தொடங்கியபோது பந்தையும் மாற்றினோம். பேஸ்பாலின் எடை சுமார் 145 கிராம். டென்னிஸ் பந்து 60 கிராமுக்கும் குறைவு. முதலில் டென்னிஸ் பந்து, ஏழெட்டு மீட்டர் தொலைவு. அமெரிக்கச் சிறுவர் ஆட்டத்தில் எறிமேடைக்கும் அடிப்பவர் நிற்கும் தட்டுக்கும் இடையே 14 மீட்டர். அதற்கு அவசரம் இல்லை.

எறிமுறையில் கிரிக்கெட் பழக்கம்தான் குறுக்கே நின்றது. அங்கே பந்துவீசும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிர்வது பிழை. இங்கே முழங்கையை மடக்கி, தோள் உயரத்துக்கு ஏற்றித்தான் எறிய வேண்டும். பக்கத்தில் ஆடும் சிறுவர்கள் ஒவ்வோர் எறிக்கும் "நோ பால்!" என்று கூவுவார்கள். அவன் முகம் சுருங்கும். கை மறுபடியும் விறைத்துக்கொள்ளும். ஆகவே கையைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டோம். இலக்குக்குப் பக்கவாட்டில் நின்று, இடக்காலை நேராக இலக்கை நோக்கி வை, இடுப்பைத் திருப்பு என்று மட்டும் சொன்னோம். காலும் இடுப்பும் ஒழுங்காக இயங்கியபின் கை தானே அவற்றைத் தொடர்ந்தது. வேகத்தை அளக்கவே இல்லை. சுவரில் சாக்கட்டியால் வரைந்த கட்டத்துக்குள் எத்தனை பந்து விழுகிறது என்பதே மதிப்பெண்.

இப்போது துர்கா பூஜைப் பந்தலுக்காகத் திடலில் மூங்கில் நட்டுவிட்டார்கள். மொட்டைமாடிச் சுவரே இலக்கு. வங்கி தந்த பழைய நாட்குறிப்பில் எண்ணிக்கையை அவனே எழுதுகிறான். நேற்றைய பக்கத்தில் 34 என்றிருக்கிறது. இன்றைய பக்கத்தில், பென்சிலை அழுத்தி, 'லீவு'.