நோட்டீஸ் கொடுத்த பிறகு வேலைநிறுத்தம் செய்ய முடியுமா?

தொழிலுறவுச் சட்டத் தொகுப்புக்கான மத்திய வரைவு விதிகள் 2025 டிசம்பர் 30 அன்று வெளியாயின. அவற்றின் மீது கருத்துச் சொல்ல 30 நாள் அவகாசம் தந்தார்கள். அந்த நாள்களில் வந்து குவிந்த வாசகர் கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டே விஷயங்களைச் சுற்றுகின்றன. 'இனிமேல் சங்கமே கிடையாதாமே, உண்மையா?' என்பது ஒன்று. 'சங்கத்தால் தொழிலாளிக்கு என்ன கிடைத்தது, போனால் போகட்டுமே' என்பது இன்னொன்று. மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை செய்பவர்கள், போக்குவரத்துக் கழக ஊழியர்கள், ஓய்வுபெற்ற மில் தொழிலாளிகள் எனப் பலரும் எழுதியிருக்கிறார்கள்.

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். சங்கத்துக்குத் தடை எதுவும் இல்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் தொழிலுறவுத் தொகுப்பு மட்டுமே சங்கங்களைப் பற்றியது. அது சங்கத்தைப் பதிவு செய்ய வழி வைத்திருக்கிறது, பேச்சுவார்த்தைக்கு நிர்வாகம் அங்கீகரித்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. தமிழ்நாட்டில் இதற்கு முன் அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் இருந்ததில்லை. ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர், அக்டோபரில் 37 நாள் வேலையை நிறுத்தியும், சங்கத்தின் பதிவு 2025 ஜனவரி இறுதியில்தான் கைக்கு வந்தது. நிர்வாகம் சங்கத்தோடு உட்கார வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருப்பது முன்னேற்றம்தான். அதை மறுப்பதற்கில்லை.

இரண்டாவது கேள்விக்குத்தான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். சங்கம் தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா என்ற விவாதம், சங்கத்தின் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தேவைப்பட்டால் வேலையை நிறுத்துவோம் என்று சொல்ல முடிகிற சங்கத்தோடு நிர்வாகம் பேரம் பேசும். அப்படிச் சொல்ல முடியாத சங்கத்திடமிருந்து மனுவை வாங்கி வைத்துக்கொள்ளும். புதிய தொகுப்பு சங்கத்துக்கு நாற்காலி போட்டிருக்கிறது. ஆனால் அந்த நாற்காலிக்கு மதிப்பு தரும் ஒரே பலத்தை, படிப்பவர் கண்ணில் படாத விதத்தில், 53, 54, 62 ஆகிய மூன்று பிரிவுகளில் பிரித்து வைத்து முடக்கியிருக்கிறது.

அரசின் விளக்கம் இது: 'திடீர் வேலைநிறுத்தங்களைத் தவிர்க்கவே 14 நாள் நோட்டீஸ், பேசித் தீர்க்க அவகாசம் கிடைக்கும்.' கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. நூறு பேர் வேலை செய்யும் ஒரு கப்பலூர் பட்டறை, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு வாரம் நின்றால், பெரிய கம்பெனியின் ஆர்டர் கைநழுவும். அடுத்த மாதச் சம்பளமே சந்தேகமாகும். ஆகவே முன்னறிவிப்பு கேட்பதில் தவறில்லை. சட்டம் 14 நாளோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

ஒரு மில்லை எடுத்துக்கொள்வோம். கற்பனை மில்தான், ஆனால் தேதிக்கணக்கு சட்டத்தில் உள்ளபடியே. மார்ச் 1 அன்று சங்கம் நோட்டீஸ் கொடுக்கிறது. நோட்டீஸ் வந்துவிட்டால் சமரச அதிகாரி பேச்சுவார்த்தை நடத்தியே ஆக வேண்டும் என்கிறது 53-ஆம் பிரிவு. மார்ச் 5 அன்று லேபர் ஆபீசில் முதல் கூட்டம். அந்தக் கூட்டம் நடந்த நாளிலிருந்து சமரசம் தொடங்கியதாகக் கணக்கு, இது 54-ஆம் பிரிவு. சமரசம் நடக்கும்போதும் முடிந்து 7 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது, இது 62-ஆம் பிரிவு. ஆக, வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் கேட்கும் நோட்டீஸே வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் நடவடிக்கையைத் தொடங்கி வைக்கிறது. 14 நாள் முடியும் மார்ச் 15 அன்று தொழிலாளி வெளியே வந்தால் அது சட்டவிரோதம்.

சரி, பொறுத்திருப்போம் என்று சங்கம் முடிவு செய்கிறது. நோட்டீஸ் வந்த தகராறில் அதிகாரி 14 நாளுக்குள் அறிக்கை தர வேண்டும். மார்ச் 19 அன்று 'சமரசம் தோல்வி' என்று பதிவாகிறது என்று வையுங்கள். இன்னும் 7 நாள், அதாவது மார்ச் 26 வரை காத்திருக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் எனக்கு மிகவும் கவலை தரும் ஏற்பாடு இருக்கிறது. சமரசம் தோற்றால் 'சம்பந்தப்பட்ட எந்தத் தரப்பும்' தீர்ப்பாயத்துக்குப் போகலாம். நிர்வாகமும் ஒரு தரப்பு. மார்ச் 22 அன்று நிர்வாகம் ஒரு மனுவைத் தாக்கல் செய்தால், தாக்கல் செய்த நாளிலிருந்தே தீர்ப்பாய நடவடிக்கை தொடங்கியதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். அது நிலுவையில் இருக்கும் வரையிலும், முடிந்த பின் 60 நாள் வரையிலும் வேலைநிறுத்தம் கூடாது. நம் ஊரில் தொழில் தகராறு வழக்குகள் எத்தனை ஆண்டு இழுக்கும் என்பது, வேலைநீக்க வழக்குப் போட்டுக் காத்திருக்கும் எந்தக் குடும்பத்துக்கும் தெரியும்.

வழக்கு முடிந்து, 60 நாளும் கழிந்த பிறகாவது நிற்கலாமா? அப்போதும் முடியாது. நோட்டீஸ் கொடுத்த 60 நாளுக்குள் வேலைநிறுத்தம் தொடங்க வேண்டும். மார்ச் 1 நோட்டீஸ் ஏப்ரல் கடைசியிலேயே காலாவதி. புது நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது வந்ததும் அதிகாரி புதுக் கூட்டம் கூட்டுவார், மறுபடி முதலிலிருந்து.

பழைய 1947 தொழில் தகராறு சட்டத்திலும், சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும் காலத்தில் வேலைநிறுத்தத்துக்குத் தடை இருந்தது. ஆனால் பஸ், தண்ணீர், மின்சாரம் போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும். தனியார் மில்லில் வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸே கட்டாயமில்லை. தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதும் பொதுவாக அரசின் கையில் இருந்தது. அரசு அந்த அதிகாரத்தை நேர்மையாகத்தான் பயன்படுத்தியது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய ஓர் அமைச்சர் அதற்குப் பொறுப்பு. இன்று, தகராறில் எதிர்த்தரப்பாக இருப்பவரே மனு போட்டு வேலைநிறுத்தத்தை நிறுத்தலாம். பிரிட்டனில் 2016-ல் கடுமையாக்கப்பட்ட சட்டம், வாக்கெடுப்பில் பாதிப்பேர் பங்கேற்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை போட்டது. ஆனால் அந்த நிபந்தனைகளை நிறைவேற்றிய சங்கத்தை, ஒரு சமரசக் கூட்டம் கூட்டியே நிறுத்திவிட அங்கே வழியில்லை.

மீறினால் என்ன ஆகும்? பழைய சட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். இப்போது 1,000 முதல் 10,000 வரை. தூண்டியதாகச் சொல்லப்படும் சங்க நிர்வாகிக்கு 10,000 முதல் 50,000 வரை. ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. இவற்றைவிடப் பெரிய ஆபத்து, சட்டத் தொகுப்பை மீறிய சங்கத்தின் பதிவையே ரத்து செய்யலாம் என்ற பிரிவு. கதவடைப்புக்கும் இதே தடைகளும், இன்னும் கூடுதல் அபராதமும் இருக்கின்றன என்று அரசுத் தரப்பு சொல்லும். உண்மைதான். ஆனால் கதவடைக்காமலேயே ஒப்பந்தம் புதுப்பிக்காமல் விடவும், ஷிப்டைக் குறைக்கவும் நிர்வாகத்துக்கு வழிகள் உண்டு. தொழிலாளிக்கு இருப்பது ஒரே வழி.

அரசியல் சாசனம் காப்பாற்றாதா என்று கேட்பவர்கள் 2003-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். அந்த ஜூலையில் தமிழக அரசு லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை ஒரே மூச்சில் வேலையைவிட்டு நீக்கியது. அதை எதிர்த்துப் போன டி.கே.ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ தார்மீக உரிமையோ இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை ஆகாது என்ற நிலைப்பாடு அதற்கும் முந்தையது. எனவே தொழிலாளிக்கு எஞ்சியிருப்பது சட்டப் பிரிவுகளில் எழுதியிருப்பது மட்டுமே.

மதுரைக்கு இது புதிய கதை இல்லை. ஹார்வி மில் தொழிலாளர்களை 1918-ல் ஜார்ஜ் ஜோசப், நம் பக்கத்து மக்களின் 'ரோசாப்பூ துரை', சங்கமாகத் திரட்டியபோது நாட்டில் தொழிற்சங்கச் சட்டமே கிடையாது. அதே காலத்தில் சென்னையில் பின்னி கம்பெனி, தொழிலாளர் தலைவர் பி.பி.வாடியா மீது நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டு அவரை முடக்கியது. அந்த அனுபவத்திலிருந்துதான் சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் 1926 சட்டம் பிறந்தது. பசுமலை மகாலட்சுமி மில் வேலைநிறுத்தத்துக்காக முத்துராமலிங்கத் தேவர் 1938-ல் சிறை சென்றார்.

சங்கங்களால் தீங்கே இல்லையா? உண்டு. 2018 ஜனவரியில் எட்டு நாள் பஸ் ஓடாமல் மதுரை தவித்தது. ஊழியர்கள் கேட்ட ஊதியக் காரணி 2.57, அரசு தந்தது 2.44. ஆளுங்கட்சிச் சங்கம் உள்ளிட்ட சிலர் 2.44-க்குக் கையெழுத்திட்டார்கள். பழைய சட்டத்தின் 12(3)-ஆம் பிரிவின்படி சமரச அதிகாரி முன் போடும் ஒப்பந்தம் கையெழுத்திடாதவர்களையும் கட்டுப்படுத்தியதால், எதிர்த்தவர்கள் தலையிலும் அது விழுந்தது. கடைசியில் உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி இ.பத்மநாபனை நடுவராக நியமித்த பிறகே பஸ்கள் ஓடின. ஆட்சி மாறினால் நிமிர்ந்து உட்காரும் சங்கமும் மாறுகிற இந்தப் பழக்கம் தொழிலாளிக்குச் செய்த கேடு பெரிது. காண்ட்ராக்ட் தொழிலாளியைச் சேர்த்துக்கொள்ளாமல், நிரந்தரத் தொழிலாளியின் போனஸோடு நின்றுவிடும் சங்கங்கள் மீதும் அதே குற்றச்சாட்டு உண்டு. பெரும்பான்மைச் சங்கமே பேச வேண்டும் என்ற புதிய விதி முதல் நோயை ஓரளவு தீர்க்கலாம். இரண்டாவதைத் தீர்க்காது. மஸ்டர் ரோலில் இருப்பவர்களைத்தான் எண்ணுவார்கள்; காண்ட்ராக்ட் ஆளின் பெயர் அதில் இருக்காது.

சங்கம் வலுவாக இருந்தால் தொழிற்சாலை வராது என்பவர்கள் அடிக்கடி காட்டும் ஆதாரம், பெஸ்லி, பர்ஜெஸ் என்ற இரு பொருளியலாளர்களின் 2004 ஆய்வு. தொழிலாளர் பக்கம் சட்டத்தைத் திருத்திய மாநிலங்களில் ஆலை உற்பத்தி குறைந்தது என்றது அது. அதன் பட்டியலில் குஜராத் தொழிலாளர் பக்கம், கேரளம் முதலாளி பக்கம்! குஜராத் அப்படிச் சேர்ந்தது ஒரேயொரு திருத்தத்தால் என்று இன்னொரு பொருளியலாளர் ஆதித்ய பட்டாச்சார்ஜியா எடுத்துக்காட்டினார். இந்தப் பட்டியலை நம்பி ஒரு நாட்டின் தொழிலாளர் சட்டத்தை மாற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக:

எத்தனை பேர் வேண்டும்? ஏழு பேர் விண்ணப்பிக்கலாம். பதிவுக்கு நிறுவனத்தில் 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது.

எந்தச் சங்கத்துக்கும் 51 சதவீதம் இல்லாவிட்டால்? 20 சதவீதத்துக்குக் குறையாத சங்கங்கள் சேர்ந்து பேச்சுவார்த்தைக் குழு. 19 சதவீதச் சங்கத்துக்கு இடமில்லை.

எல்லோரும் ஒரே நாளில் சி.எல். போட்டால்? பாதிப்பேர் சேர்ந்து போட்டாலே வேலைநிறுத்தம்.

ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி? 100 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்றிருந்தது, இப்போது 300.

குறித்த காலப் பணியாளருக்கு கிராஜுவிட்டி? ஓராண்டிலேயே உண்டு, வரவேற்க வேண்டிய மாற்றம்.

விதிகள் மீது கருத்துச் சொல்வதால் பயன் உண்டா? மத்திய விதிகள் ரயில்வே, வங்கி போன்றவற்றுக்கு. கப்பலூர் பட்டறைக்கும் போக்குவரத்துக் கழகத்துக்கும் மாநில விதிகள்தான் பொருந்தும். விதிகளில், சமரசம் தோற்றால் அன்றே பதிவு செய்து நகல் தர வேண்டும் என்று கேட்கலாம். அது விதியால் முடியும். ஆனால் 53, 54, 62-ஆம் பிரிவுகளை எந்த விதியாலும் மாற்ற முடியாது. அதற்கு நாடாளுமன்றம் திருத்த வேண்டும், அல்லது தமிழகச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற வேண்டும். தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால் அந்த வழி திறந்தே இருக்கிறது. உங்கள் கடிதத்தின் ஒரு நகலை உங்கள் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள்.