பழைய சிநேகிதர் க்ஷேமமா?

பர்கூர் என்றதும் பலருக்கு ஜவுளிதான் ஞாபகம் வரும். கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையில் இருக்கும் இச்சிறு பட்டணத்தில் துணிக் கடைகளுக்குக் கணக்கில்லை. "குட்டி சூரத்" என்று செல்லப் பெயரும் உண்டு. கலியாணத்துக்கு நாள் குறித்தவர்கள் குடும்ப சகிதம் வந்து இறங்குவார்கள். ஆந்திர எல்லையும் கன்னட எல்லையும் சமீபத்தில் இருப்பதால், ஒரே கடையில் நாலு பாஷைகளில் பேரம் நடக்கும்.

ஆனால் நாம் அங்கே சென்றது புடவை எடுப்பதற்காக அல்ல. நம்முடன் ஒரே கலாசாலையில், ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படித்த சிநேகிதர் ஒருவரின் புதல்வி, இவ்வூர் அரசினர் இஞ்சினீயரிங் கலாசாலையில் சேருகிறாள். "நீயும் கூட வாடா" என்று கூப்பிட்டார், போனோம். நம்மைக் கூப்பிட அவருக்கு மனம் வந்ததே பெரிய காரியம். அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

இந்தக் கலாசாலை 1994-ஆம் வருஷத்தில் ஏற்பட்டது. அப்போது பர்கூர் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. கிருஷ்ணகிரி தனி ஜில்லாவானது 2004-ல்தான். ஆகவே முதலில் படித்து வெளியேறிய பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எழுதிக் கொடுத்த விலாசங்களில் ஜில்லாவின் பெயர்கூட இன்று செல்லாது! மனிதர்கள் மட்டுமா இடம் மாறுகிறார்கள்?

குடும்பத்திலேயே முதன்முதலாகக் கலாசாலை வாசலை மிதித்தவர்கள் இத்தகைய சர்க்கார் கலாசாலைகளில் அநேகர். நிலக்கடலையும் ராகியும் மாந்தோப்பும் தவிர வேறொன்றும் அறியாத தகப்பனாரிடம், "எந்தக் கம்பெனியில் காலி இருக்கிறது?" என்று கேட்டுப் பயன் என்ன? கேட்கத் தக்கவன் முந்திய வருஷம் படித்து முடித்த அண்ணன்தான். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது; பிறகு அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் தொழிற்சாலைகள் வந்தன. அதையும் தாண்டினால் பெங்களூர். பர்கூரிலிருந்து நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கே முதலில் உத்தியோகம் கிடைத்தவன் ஓர் அறை பிடிப்பான். அடுத்து வருகிறவன் பெட்டியுடன் அந்த அறைக்கு வருவான். மூன்று பேருக்கு என்று பிடித்த இடத்தில் ஏழு பேர் படுத்திருப்பார்கள். வாடகையை யார் கொடுத்தார், சாதத்தை யார் வடித்தார் என்பதற்குக் கணக்கு எழுதி வைத்தவர் இல்லை. அந்த அறைகள் இல்லாவிட்டால் எத்தனையோ பட்டங்கள் சுவரில் மாட்டி வைப்பதற்கு மட்டுமே உபயோகப்பட்டிருக்கும்.

இது புதிய வழக்கமன்று. கணித மேதை ராமானுஜனின் கதையைக் கவனியுங்கள். பச்சையப்பன் கலாசாலையில் எப்.ஏ. பரீட்சையில் தேறாமல், உத்தியோகமும் இல்லாமல் சென்னையில் அலைந்த காலத்தில், அவர் கடும் நோய்வாய்ப்பட்டார். அங்கே உடன் படித்த ராதாகிருஷ்ண ஐயர் அவரை வைத்தியரிடம் காட்டி, ரயிலேற்றிக் கும்பகோணத்துக்கு அனுப்பினார். புறப்படுமுன் ராமானுஜன் தம்முடைய கணக்கு நோட்டுப் புத்தகங்களைச் சிநேகிதர் கையில் கொடுத்தார். தாம் இறந்துவிட்டால் பேராசிரியர் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கலாசாலையின் ராஸ் துரையிடமோ சேர்த்துவிடும்படி சொன்னார். உலகம் இன்று கொண்டாடும் அந்த நோட்டுகள் அப்போது ஒரு பழைய வகுப்புத் தோழரின் பொறுப்பில் இருந்தன.

பிறகு 1910-ல், கும்பகோணத்தில் உடன் படித்த ஸி.வி. ராஜகோபாலாச்சாரி என்பவர் சென்னையில் அவரைச் சந்தித்தார். (இவர் நமது ஓசூர்ப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி அல்ல, பெயர்தான் ஒன்று.) அவர் ராமானுஜனை திவான் பகதூர் ராமச்சந்திர ராவிடம் அழைத்துப் போனார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்து ஆதரித்தார். 1912-ல் துறைமுகத்தில் குமாஸ்தா வேலையும், 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு எழுதிய கடிதமும் அதற்குப் பிறகு நடந்தவை. "என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்று கேட்க ஒரு தோழர் இருந்தார்.

மேனாட்டில் இதை ஒரு சாஸ்திரமாகவே செய்கிறார்கள். அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையில், ஒரே வருஷத்தில் படித்தவர்கள் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை தங்கள் உத்தியோகம், குடும்பம், சுகதுக்கம் எல்லாவற்றையும் தாமே எழுதி அனுப்ப, அது சிவப்பு அட்டைப் புத்தகமாக வெளிவருகிறது. அதே சர்வகலாசாலையில் 1938-ல் தொடங்கிய ஆராய்ச்சி ஒன்று 268 மாணவர்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்தது. பின்னால் ஜனாதிபதியான கென்னடியும் அவர்களில் ஒருவர். ஐம்பதாவது வயதில் உற்றார் உறவினரோடும் சிநேகிதரோடும் மனநிறைவுடன் இருந்தவர்களே எண்பதாவது வயதில் தேகசுகத்தோடு இருந்தார்கள் என்றும், இரத்தத்தில் கொழுப்பின் அளவைவிட இதுவே சரியான அறிகுறியாக இருந்தது என்றும் அதை நடத்தியவர்கள் கண்டார்கள். நம் பாட்டிமார் பரீட்சை எதுவும் செய்யாமலே அறிந்த விஷயந்தான்!

நம் பிள்ளைகளும் சும்மா இருக்கவில்லை. 1995 ஆகஸ்டு 15-ல் இந்தியாவில் இணையம் பொதுஜனங்களுக்குக் கிடைத்தது. அப்புறம் மின்னஞ்சல், யாஹு குழுக்கள், 2004-ல் ஆர்க்குட். பிரிந்துபோன வகுப்புகள் அங்கே மறுபடி கூடின. முதல் சம்பளம், நிச்சயதார்த்தம், தலைச்சன் குழந்தையின் படம், எல்லாம் அங்கே. ஆர்க்குட்டை 2014 செப்டம்பர் 30-ல் மூடிவிட்டார்கள். 2020 டிசம்பரில் யாஹு குழுக்களும் போயின. பெட்டியில் கிடக்கும் தபால் கார்டை மட்டும் யாரும் மூடவில்லை.

பெண்களின் சங்கதி வேறு. விவாகமானதும் வீடு மாறுகிறது, ஊர் மாறுகிறது, சில சமயம் பெயரின் முதலெழுத்தே மாறிவிடுகிறது. வகுப்பில் முதலாவதாகத் தேறிய பெண் எங்கே என்று கேட்டால், "யாருக்குத் தெரியும்?" என்கிறார்கள். ஐம்பத்தைந்து பேரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று பெருமை பேசும் வகுப்புகளில், கிடைக்காத ஐந்து பேரும் பெண்களாகவே இருப்பதைக் கண்டிருக்கிறோம். தேடியவர்கள் ஆண்கள், ஒரு பெண்ணின் புக்ககத்துக்குப் போய் விசாரிக்கத் தயங்கினார்கள் என்பதும் உண்மைதான்.

இனி நம் சிநேகிதருக்கு வருவோம். பரீட்சைக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நாம் விழித்த நாளில், தம் மெஸ் பணத்தை எடுத்துக் கட்டியவர் அவர். எங்கள் வகுப்புக்கும் ஒரு வாட்ஸப் குழு உண்டு. ஒருவர் நியூஜெர்ஸியில் வாங்கிய மாளிகையின் படம் போடுவார். நாற்பது பேர் கைதட்டுவார்கள். ஒரு நாள் இரவு, நம் சிநேகிதர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அந்தக் குழுவிலிருந்து விலகிவிட்டார். நாமும் பார்த்தோம். "ஏதோ கோபம்" என்று எண்ணிப் பேசாதிருந்துவிட்டோம். ஐந்து மாதம் கழித்துத் தெரிந்தது: அவர் வேலை செய்த சிறு பட்டறையை மூடிவிட்டார்களாம். அந்த ஐந்து மாதமும் வீட்டில் சொல்லாமல், தினந்தோறும் காலையில் டிபன் பெட்டியுடன் புறப்பட்டுப் போய், ஓசூர் பஸ் நிலையத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

வெட்கத்துடன் கூப்பிட்டோம்.

"விசாரிக்கத்தான் கூப்பிட்டாயா, இல்லை வேறு ஏதாவது காரியமா?" என்றார்.

"விசாரிக்கத்தான்."

"அப்படியானால் பேசு" என்றார். ஒரு மணி நேரம் பேசினோம். வேறொரு வகுப்புத் தோழர் மூலமாகப் பின்னால் ஓர் உத்தியோகம் கிடைத்தது; முந்தைய சம்பளம் இல்லை. மெஸ் பணத்தைப் பற்றி அவர் அன்றும் பேசவில்லை, இன்றும் பேசவில்லை.

கலாசாலையில் சேர்க்கை முடிந்து வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. குழந்தை கைப்பேசியைக் காட்டினாள். வகுப்பே இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் அவர்களுக்கு ஒரு குழு ஏற்பட்டு, நாற்பத்திரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள்.

"எல்லோரும் எந்த ஊர் என்று கேட்டாயா, அம்மா?" என்றார் தகப்பனார்.

"ஒருத்தி தேன்கனிக்கோட்டை, அப்பா. இன்னொருத்தி ஊத்தங்கரை. மற்றவர்களை இனிமேல்தான் கேட்க வேண்டும்" என்றாள்.

கிருஷ்ணகிரி பஸ் வந்தது. டிக்கெட்டுக்கு நாம் சில்லறை எடுப்பதற்குள் அவர் மூன்று டிக்கெட்டும் வாங்கிவிட்டார்.