செரிப்பழம்: காம்பைப் பார்த்து வாங்குங்கள்
நவம்பர் பிறந்தால் சிட்னிக் கடைகளில் யங் ஊர்ச் செரிப்பழம் வந்துவிடும். விலையைக் கேட்டால் கணக்காளனான எனக்கே திக்கென்னும். ஆனபடியால் கிலோ விலையை விட, வாங்கியதில் எவ்வளவு குப்பைக்குப் போகிறது என்றுதான் நான் பார்ப்பேன். மாம்பழம்போல வீட்டில் வைத்துப் பழுக்க விடலாம் என்று எண்ணாதீர்கள். பறித்தபின் செரி மேலும் இனிக்காது. சிவப்புச் செரி என்றால் நன்றாகக் கறுத்ததை எடுங்கள். காம்பு பச்சையாக இருக்கவேண்டும். காய்ந்து பழுப்பாகியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. அறுவடை நேரத்து மழையில் தோல் வெடிக்கும். வெடித்ததில் பூஞ்சணம் பிடித்தால் பக்கத்துப் பழங்களும் பழுதாகும், அவற்றைப் பொறுக்கி விடுங்கள். கழுவாமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கொட்டை நீக்கி, சிறிதாக வெட்டியே கொடுங்கள். முழுப்பழம் தொண்டையில் சிக்கும்.