ஒரு தர்பூசணி எத்தனை லிட்டர்?

தர்பூசணியை எடை போடாமல், பழத்துக்கு இவ்வளவு என்று விற்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். ஒரு பழம் 20 செ.மீ. அகலம், பக்கத்தில் இருப்பது 25. பெரியதற்கு ஒன்றரை மடங்கு விலை சொன்னால் நடையைக் கட்டிவிடுவோம். டீ ஆறுவதற்குள் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாமே.

பழம் நல்ல உருண்டை என்று கொள்வோம். மையத்திலிருந்து தோல் வரைக்குமான தூரம் ஆரம். பழத்தை வெட்டாமலே அதை அறியலாம். தையல் டேப்பை அதன் இடுப்பைச் சுற்றிப் பிடித்து, வரும் அளவை 6.28-ஆல் வகுக்க வேண்டும். 63 செ.மீ. வந்தால் ஆரம் ஏறக்குறைய 10. அதை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் 1000. பிறகு 3.14-ஆலும் 4-ஆலும் பெருக்கி 3-ஆல் வகுத்தால் சுமார் 4,190 கன செ.மீ. ஆயிரம் கன செ.மீ. ஒரு லிட்டர் என்பதால், சின்னப் பழம் நாலு லிட்டருக்குச் சற்று மேல்.

பள்ளியில் மனப்பாடம் செய்த அந்த நாலும் மூன்றும் எங்கிருந்து வந்தன? பழத்தைப் பாதியாக வெட்டிக் கவிழ்த்து வைப்போம். பக்கத்தில் அதே அகலமும் அதே உயரமும் உள்ள ஓர் உருளை. அதற்குள்ளிருந்து, முனை தரையைத் தொட, வாய் மேல்விளிம்பை நிறைக்க, ஐஸ்க்ரீம் கோன் வடிவில் ஒரு கூம்பைக் குடைந்து எடுத்துவிடுவோம். இப்போது இரண்டையும் ஒரே உயரத்தில் கிடைமட்டமாக வெட்டினால், பழத்தில் ஒரு வட்டம் தெரியும், உருளையில் ஒரு வளையம் தெரியும். எந்த உயரத்தில் வெட்டினாலும் இரண்டின் பரப்பும் சமம். பித்தாகரஸ் தேற்றம் தெரிந்தவர்கள் ஒரு தாளில் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆக, பாதிப் பழமும் குடைந்த உருளையும் ஒரே அளவு. கூம்பு உருளையில் மூன்றில் ஒரு பங்கு, மீதி மூன்றில் இரண்டு. பழத்தின் இன்னொரு பாதியையும் சேர்த்தால் மூன்றில் நாலு! உருண்டைக்கும் உருளைக்கும் உள்ள இந்த உறவை நிறுவியவர் கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் ஆர்க்கிமிடீஸ். தன் கல்லறையில் இந்த இரண்டு உருவங்களையும் பொறிக்கச் சொன்னாராம்.

இனி, எல்லோரும் சறுக்கும் இடம். 20-லிருந்து 25 என்றால் கால் பங்குதானே கூடுதல், உள்ளே இருப்பதும் கால் பங்குதான் கூடும் என்று மனம் சொல்லும். நம் கண் பார்ப்பது அகலத்தை மட்டும். பழமோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் பெருத்திருக்கிறது. 1.25-ஐ மூன்று முறை பெருக்கினால் 1.95, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒன்றரை மடங்கு விலை மலிவுதான். இதே காரணத்தால், ஆரத்தின் இடத்தில் விட்டத்தைப் போட்டுவிட்டால் விடை இரண்டு மடங்காக அல்ல, எட்டு மடங்காக ஊதிவிடும்.

உருண்டை பெரிய அறிஞர்களுக்கும் போக்குக் காட்டியிருக்கிறது. 499-இல் ஆரியபட்டர் எழுதிவைத்த விதி, உருண்டையை நடுவில் வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பை, அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தால் பெருக்கச் சொல்கிறது. அதன்படி நம் சின்னப் பழம் ஐந்தரை லிட்டரைத் தாண்டிவிடும்! 1150-இல் பாஸ்கரர் லீலாவதியில் சரியான விதியைத் தந்தார்: மேற்பரப்பை விட்டத்தால் பெருக்கி ஆறால் வகு.

தோலையும் கணக்கில் சேர்ப்போம். ஒரு செ.மீ. தடிமன் என்றால் சின்னப் பழத்தின் சதைக்கு ஆரம் 9. மூன்று முறை பெருக்கினால் 729. ஆயிரத்தில் மீதி 271, அதாவது கால் பங்குக்கும் மேலே, தோலுக்கே போய்விடுகிறது. பெரிய பழத்தில் தோலின் பங்கு நூற்றுக்கு 22 தான். ஆகவே சதையை மட்டும் பார்த்தால் பெரியது இரண்டு மடங்கையும் தாண்டிவிடுகிறது.