மரப்பேனாவும் அதன் மெருகும்

கையாற் கடைந்தெடுத்த மரப்பேனா ஒன்றைப் பரிசாகப் பெறுபவர் முதலில் அதன் மினுக்கத்தைக் காண்கிறார். பின்பு விரலால் தடவிப் பார்க்கிறார். அதன் பின்னரே எழுதிப் பார்க்கிறார். ஆறு திங்கள் கழிந்தபின் அதே பேனாவை அவர் உற்று நோக்கும்போது, விரல் படும் இடம் மட்டும் மங்கிக் கிடக்குமாயின், குற்றம் மரத்தினதன்று. அதனைக் கடைந்த கையினதுமன்று. மெருகைத் தெரிந்தெடுத்த இடத்திலேயே பிழை நேர்ந்துள்ளது. தலைமயிரினும் மெல்லியதாக இருக்கக்கூடிய ஒரு படலத்தின்மீதே கைவினைஞரின் நற்பெயர் தங்கியிருக்கிறது.

மேசைக்கும் அலுமாரிக்கும் பூசும் மெருகு பேனாவுக்குப் போதாதா என்று சிலர் வினவுவர். மேசையை மனிதர் இடைக்கிடையே தொடுகின்றனர். பேனாவோ கையினின்றும் பிரியாதது. வியர்வை, விரலின் எண்ணெய்ப்பசை, உள்ளங்கையின் வெம்மை, சட்டைப்பையின் உராய்வு ஆகிய நான்கும் அதனை நாள்தோறும் தாக்குகின்றன. ஆதலின் பேனாவின் மெருகு வலிதாயிருத்தல் வேண்டும். அஃது விரைவில் உலர்வதாயிருத்தலும் வேண்டும். துளையிட்ட மரத்துண்டினுள்ளே பித்தளைக் குழாயை ஒட்டிக் கடைசற்பொறியிற் பூட்டிக் கடைபவர், அதனைக் கழற்றுமுன்னரே மெருகிட்டு முடிக்க விரும்புவார். உலரத் தாமதிக்கும் பூச்சின்மீது பட்டறைத் தூசி படிந்துவிடும்.

விரைவில் உலர்தலும் நெடுநாள் நிலைத்தலும் ஒன்றல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும். உலர்தல் என்னும் ஒரு சொல்லுக்குள் வெவ்வேறு நிகழ்ச்சிகள் அடங்கியுள்ளன. சில பூச்சுக்கள் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகுவன. சில, தம்மைக் கரைத்து வைத்திருக்கும் திரவம் ஆவியாகப் போனபின் படலமாக எஞ்சுவன. வேறு சில காற்றிலுள்ள ஒட்சிசனோடோ ஈரத்தோடோ தொடர்புபட்டு, முன்னிருந்த நிலை மாறிப் புதிய பொருளாகிவிடுவன. முதலிரு வகைகளும் இறுகிய வழியே திரும்பவும் இளகக்கூடியவை. மூன்றாம் வகை அவ்வாறு எளிதில் திரும்புவதில்லை.

முதல் வகைக்குத் தொன்மையான சான்று இலங்கையிலேயே உண்டு. மாத்தளை மாவட்டத்து ஹப்புவிடக் கிராமத்துக் கைவினைஞர், வண்ணமூட்டிய அரக்கைச் சூட்டில் இளக்கி, மரத்தின்மீது படியவைத்து அழகூட்டும் கலையிற் பெயர் பெற்றவர்கள். கலாநிதி ஆனந்த குமாரசுவாமி, இந்நாட்டுக் கைவினைகளைப் பற்றி 1908 ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலிலே அரக்கு வேலையையும் விவரித்துள்ளார். மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் சுரக்கும் பிசினே அரக்கு. அதனைத் தூய்மை செய்து மெல்லிய தகடுகளாக்கியதே அவலரக்கு.

இவ்வவலரக்கு மதுசாரத்திற் கரையும். அக்கரைசலிற் சிறிது எண்ணெய் சேர்த்துச் சுழலும் பேனாவின்மீது கடதாசி மடிப்பினால் அழுத்திப் பிடித்தால், உராய்வின் சூட்டிலே மதுசாரம் பறந்துவிட, ஓரிரு நிமிடங்களிற் கண்ணாடிபோன்ற மினுக்கம் தோன்றும். மரத்தின் நிறத்தை இதனைப் போல் ஆழமாக எடுத்துக் காட்டும் பூச்சு அரிது. பழுதுபட்டால் மேலும் ஒரு பூச்சினாற் செப்பனிடலாம். புதியது பழையதோடு கலந்துவிடும்.

ஆனால் எளிதிற் கரையும் அக்குணமே அதன் குறையுமாகும். அவலரக்கு சுமார் 75 பாகை செல்சியசில் உருகுவது. அதற்குக் குறைந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் வைத்த பேனா இதனாற் கெடலாம். ஈரம் நீடித்துப் பட்டால் வெண்மை படரும். 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் பலரது வழக்கமாகிவிட்ட கைத் தொற்றுநீக்கியிற் பெரும்பகுதி மதுசாரமே. அதனைப் பூசிய ஈரக் கையோடு இப்பேனாவைப் பிடிப்பவர், மெருகைக் கரைக்கும் திரவத்தையே அதன்மேல் தடவுகிறார். கரைத்த அவலரக்கு நெடுநாள் வைத்திருந்தால் உலரும் ஆற்றலை இழக்கும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. கண்ணாடித் துண்டொன்றில் ஒரு துளி விட்டுப் பார்த்து, அஃது ஒட்டுந்தன்மை நீங்கி இறுகினால் மாத்திரமே பயன்படுத்தல் வேண்டும்.

அடுத்தது நைத்திரோசெலுலோசு லக்கர். 1920 களிலே அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலிற் புகுந்த இப்பூச்சு, வண்டிகள் உலர்வதற்கு வேண்டிய காலத்தை வாரங்களிலிருந்து நாட்களாகக் குறைத்தது. பேனாவின்மேல் இதனைப் பூசினால் அரைமணி நேரத்துள் தொடுகைக்கு உலர்ந்ததுபோலத் தோன்றும். எனினும் உள்ளே தங்கிய கரைப்பான் முற்றாக வெளியேற ஒரு வாரமோ அதற்கு மேலோ செல்லும். அதற்குமுன் பெட்டியிலிட்டு அனுப்பினால், பெட்டித் துணியின் தடம் பேனாவிற் பதிந்துவிடும். காத்திருக்க வல்லவருக்கு இது நல்ல மெருகு.

மூன்றாம் வகையில் ஆளிவிதையெண்ணெய் போன்றவை ஒட்சிசனை ஏற்று நாட்கணக்கில் இறுகுவன, மினுக்கமும் அடக்கமானது. எண்ணெயிற் தோய்ந்த துணியைக் கசக்கி எறிந்தால் அது தானே சூடாகித் தீப்பற்றவுங் கூடும். விரித்துக் காயவிடுதலே முறை.

அதே வகையில் மிக விரைந்தது, சுப்பர் குளூ எனப் பலரும் அறிந்த சயனோஅக்கிரிலேற்று. 1942 இல் அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கொடாக் நிறுவனத்து ஹரி கூவர் துப்பாக்கிக் குறிகாட்டிக்கு ஏற்ற தெளிந்த பிளாஸ்திக்குத் தேடியபோது இப்பொருளைக் கண்டார். எதனோடும் ஒட்டிக்கொண்டமையால் அது கைவிடப்பட்டது. 1951 இல் மீண்டும் ஆராயப்பட்டு, 1958 இல் பசையாக விற்பனைக்கு வந்தது. காற்றிலும் மரத்திலுமுள்ள சிறிதளவு ஈரமே இதனை இறுக்கிவிடும். மெல்லிய பூச்சுக்களாக ஆறு முதற் பத்துவரை இட்டு, மிக நுண்ணிய மணற்கடதாசியாலே தேய்த்து மினுக்கினால், வியர்வைக்கும் மதுசாரத்துக்கும் எளிதில் மசியாத படலம் அமையும். ஈரம் மிகுந்த காற்றில் தடித்துப் பூசினால் வெண்புகை படிந்தாற்போல் மங்கும். ஆதலால் மெல்லிதாகப் பூசுதல் இன்றியமையாதது. மரத்தைத் தொடும் உணர்வு குறைந்து, கண்ணாடியைத் தொடுவது போலிருக்கும் என்பதே இதன்மீது கூறப்படும் குறை.

இதனைக் கையாள்வோர் கண்ணாடி அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில் நிற்றல் வேண்டும். இதன் ஆவி கண்ணையும் மூக்கையும் உறுத்தும். பூசுவதற்குப் பருத்தித் துணி ஆகாது. பருத்தியோடு சேரும்போது இது கடுஞ்சூடாகிக் கையைச் சுடும். சுழலும் பொறியிற் துணி சிக்கினால் விரலையும் இழுத்துச் செல்லும். கடதாசியோ சிக்கினாற் கிழிந்துபோகும். கருங்காலி போன்ற எண்ணெய்ப்பசையுள்ள மரமாயின், எந்த மெருகுக்கும் முன்னர் மதுசாரத்தாற் துடைத்து உலரவிடுதல் நன்று.

முடிவாக, நாள்தோறும் எழுதும் பேனாவுக்குச் சயனோஅக்கிரிலேற்றும், காத்திருந்து செப்பமாகச் செய்வதற்கு லக்கரும், எப்போதாவது கையொப்பமிட எடுக்கும் பேனாவுக்கு அவலரக்கும் பொருந்தும் எனலாம். ஐயமிருப்பின், அதே மரத்துண்டொன்றுக்கு மெருகிட்டு, ஒரு மாதம் சட்டைப்பையிற் சுமந்து பார்த்தல் நலம். எவ்வகை மெருகு இடப்பட்டது, எதனின்று அதனைக் காத்தல் வேண்டும் என்பதை வாங்குபவரிடம் மறையாது சொல்லுதல் அதனினும் நலம். விற்கும் நாளில் யாவும் மினுங்கும். ஆண்டொன்று கழிந்தபின் அப்பேனாவைக் கையிலெடுப்பவரே கைவினைஞரின் நேர்மையை அளப்பவர்.